தேவையான பொருட்களில் இல்லாத ஒன்று

பெண்கள் பத்திரிகையில் வரும் கைவேலைப் பக்கம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கண்ணாடி வளையல்களில் வாசல் தோரணம், நைந்துபோன பட்டுச் சேலையில் குஷன் உறை, உல்லன் நூலில் மேசை விரிப்பு. பொருள் மாறினாலும் பக்கத்தின் அமைப்பு மாறுவதில்லை. மேலே ‘தேவையான பொருட்கள்’. அதற்குக் கீழே எண் போட்டுச் ‘செய்முறை’. முடிவில் ‘ஓய்வு நேரத்தில் நீங்களும் செய்து பாருங்கள்’ என்று ஓர் அன்பான அழைப்பு.

அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒரு விடுபடல் தெரியும். லேஸ் எத்தனை மீட்டர், மணி எத்தனை பாக்கெட், பசை எந்த வகை என்பதெல்லாம் இருக்கும். எத்தனை மணி நேரம் என்பது இருக்காது. அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புகூட அரிசி ஊற 4 மணி நேரம், மாவு புளிக்க 8 மணி நேரம் என்று சொல்கிறது. அரிசிக்கு ஆகும் நேரம் கணக்கில் வருகிறது. தைக்கிறவளுக்கு ஆகும் நேரம் வருவதில்லை.

‘ஓய்வு நேரம்’ என்ற சொல்தான் இந்த விடுபடலை மூடி வைத்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடும் சராசரி நேரம் 299 நிமிடம். ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். ஐந்து மணி நேரம் அடுப்படியிலும் துவைக்கிற கல்லிலும் கழித்தவளுக்கு மிஞ்சும் மதியப் பொழுதை நாம் ஓய்வு என்கிறோம். அந்த ஓய்விலும் அவள் கை சும்மா இருக்கக் கூடாது என்கிறோம்.

இதைச் சொல்வதால் கைவேலையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். எம்ப்ராய்டரி, கோலம், வயர்கூடை என்றாலே உதட்டைச் சுழிக்கும் பழக்கம் படித்த பெண்களான நம்மிடமும் உண்டு. பெண் செய்வது அற்பமானது என்று ஆண்கள் வைத்த அளவுகோலையே அப்போது நாமும் கையில் எடுக்கிறோம்.

வயர்கூடையையே பார்ப்போம். ‘சிவன் கண்’, ‘நெல்லிக்காய்’, ‘பிஸ்கட்’ என்று பின்னலுக்குப் பெயர் வைத்தவள் யார்? தெரியாது. பல்கலைக்கழகம் எதுவும் இதைப் பாடமாக வைக்கவில்லை. ஒரு திண்ணையிலிருந்து அடுத்த திண்ணைக்கும், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளிடமிருந்து அவள் நாத்தனாருக்கும், மாற்றலாகி வந்த டீச்சரிடமிருந்து அந்தத் தெருவுக்கும் கைமாறி வந்த அறிவு இது. அடிக்கு எத்தனை வயர் வெட்டுவது, ஒன்றின் நீளம் எவ்வளவு, மூலையில் எப்படித் திருப்புவது என்று மனத்துக்குள்ளேயே போடும் கணக்கு, தாளில் போட்டால் கணிதம் என்று பெயர் பெறும். கோலத்தின் புள்ளி வரிசையும், ஒரு மீட்டர் துணியில் ரவிக்கையையும் ஒட்டுத் துணிகளையும் மிச்சமில்லாமல் வெட்டி எடுக்கும் திறமையும் அப்படித்தான். யாரும் காப்புரிமை கேட்கவில்லை. “மாதிரி குடுங்கக்கா, பார்த்துப் போட்டுட்டுத் தர்றேன்” என்றால் போதும்.

ஆனால் இந்தத் தாராளத்துக்கு ஓர் எல்லை உண்டு. மாதிரியைப் பகிர்ந்துகொள்ளும் நாம் நேரத்தையும் விலையையும் பகிர்ந்துகொள்வதில்லை. எவ்வளவு நாள் ஆனது என்று உண்மையைச் சொன்னால் கை மந்தம் என்பார்கள். விற்றேன் என்றால் வீட்டில் கஷ்டமா என்று கேட்பார்கள். கூலி கேட்டால் அத்தை மகளிடமே காசு பார்க்கிறாள் என்று பேர் வரும். அதனால், “சும்மா இருந்த நேரத்துல போட்டது” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். இந்த வாக்கியம் அடக்கத்தின் அடையாளமாகத் தோன்றலாம். இதன்மேல் பெரிய வணிகங்களே கட்டப்பட்டிருக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவது.

அரசின் ஏட்டிலும் இதே வாக்கியம் இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் நிலைக்கும் ஓர் எண் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவளுக்கு 92. வீட்டு வேலையோடு விறகு, கீரை, கால்நடைத் தீவனம் சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது, நெய்வது ஆகியவற்றையும் செய்பவளுக்கு 93. ஆக, அவள் தைக்கிறாள் என்பது அரசுக்குத் தெரியும். தனி எண்ணே கொடுத்திருக்கிறது. ஆனால் 92, 93 இரண்டையும் உழைப்புப் படைக்கு வெளியேதான் வைத்திருக்கிறது.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து லாபம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதை மரியா மீஸ் எழுதிய நரசாபூர் லேஸ் பெண்களைப் பற்றிய நூல் காட்டுகிறது. ஜெர்மானியப் பெண்ணியரான மீஸ், ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் ஆய்வு செய்து 1982இல் வெளியிட்ட நூல் அது. நரசாபூர் வட்டாரத்துக்கு லேஸ் பின்னலைக் கொண்டுவந்தவர்கள் கிறித்துவ மிஷனரிகள். பின்னர் அது ஏற்றுமதிச் சரக்கானது. வீட்டுக்குள் உட்கார்ந்து, கையில் குரோஷா ஊசியோடு, நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் பின்னிய பெண்களை வியாபாரிகளும் கணவர்களும் அரசும், பல வேளைகளில் அந்தப் பெண்களுமே, தொழிலாளிகள் என்று சொல்லவில்லை. வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் கைவேலை என்றார்கள். அந்தப் பெயரே கூலியைக் கீழே அழுத்தி வைத்தது. இதற்கு மீஸ் வைத்த பெயரைத் தமிழில் ‘இல்லத்தரசியாக்கம்’ எனலாம். ஒரு பெண்ணை இல்லத்தரசி என்று வரையறுத்துவிட்டால் அவள் வருமானம் ‘கூடுதல்’ ஆகிவிடும். கூடுதல் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அந்த நூலில் நம் பேச்சுக்கு மிக நெருக்கமான இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, வேலை பிரிக்கப்பட்ட விதம். ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி பூக்களை இணைத்து விரிப்பாக்குவாள். நூலைக் கொடுப்பதும் பின்னியதை வாங்கிப் போவதும் முகவர். கடைசியில் அந்த விரிப்பு எந்த நாட்டில் என்ன விலைக்குப் போகிறது என்பது பின்னியவளுக்குத் தெரியாது. திண்ணைகளில் முழுமையாகக் கைமாறிய அறிவு இங்கே துண்டு துண்டாக வெட்டப்பட்டுவிட்டது. முழு மாதிரியும் முழு விலையும் ஒரே இடத்தில் இருந்தன. அந்த இடம் ஆண்களின் கையில் இருந்தது.

இரண்டாவது, சாதி. வெளியே போய் வேலை செய்யாமல் வீட்டுக்குள் இருப்பதைக் காப்பு சாதிப் பெண்கள் கௌரவமாக நினைத்தார்கள். வயலில் கூலி வேலை செய்த தலித் பெண்கள் அவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள். கூட்டமாக வேலை செய்ததால் கூலி என்ன என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மானம் என்ற பெயரில் கிடைத்த நான்கு சுவர்களுக்கு லேஸ் பின்னிய பெண்கள் கொடுத்த விலை, கூலியில் கழிந்தது.

மீஸின் வாதத்தை ஏற்கும்போதே அதில் ஒரு போதாமையையும் உணர்கிறேன். அழகு அவருடைய கேள்வி அல்ல. நூல் ஊசியில் ஏறி இறங்கி ஒரு பூவாகும் கணத்தில் பின்னுகிறவளுக்கு என்ன நிகழ்கிறது என்பதற்கு அவர் கணக்கில் இடமில்லை. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1984இல், ரோசிகா பார்க்கர் எம்ப்ராய்டரியின் வரலாற்றை எழுதியபோது அந்த இடத்தைத் திறந்தார். பெண்ணைத் தலை குனிந்து, வாய் மூடி உட்காரப் பழக்கியதும் ஊசிதான். அப்படிக் குனிந்த தலைக்குள் தனக்கென ஓர் உலகத்தையும் சில சமயம் ஓர் எதிர்ப்பையும் அவளுக்குத் தந்ததும் ஊசிதான் என்பது அவர் வாதம். ஆனால் பார்க்கரின் உலகம் பெரும்பாலும் இங்கிலாந்தின் மேல்தட்டு, நடுத்தரக் கூடங்கள். கூலிக்குத் தைப்பவளின் எதிர்ப்பு அங்கே முழுமையாகத் தெரியாது. அதற்கு நாம் நாஞ்சில் நாட்டுக்கு வர வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் லண்டன் மிஷன் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, கட்டைகளில் சுற்றிய நூலைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிப் பின்னும் வேலை அது. திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை சட்டப்படி இருந்தது. ஒழிப்புப் பிரகடனம் வந்தது 1855இல்தான். பள்ளியில் படித்த அடிமைக் குடும்பத்துப் பெண்களில் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன.

இந்தச் செய்தியை மிஷனின் கருணைக்குச் சான்றாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு விலை இருந்தது. உடையவன் வைத்த விலை. அவள் பின்னிய லேஸுக்கும் ஒரு விலை இருந்தது. இரண்டும் அவளுக்குத் தெரிந்திருந்தன. எத்தனை முழம் பின்னினால் தன் விலை வரும் என்று அவளால் எண்ண முடிந்தது. எந்தக் கைவேலையும் தானாக விடுதலை தந்துவிடாது. அவள் கைக்கு வந்த காசும் அவளுக்குத் தெரிந்த கணக்கும் சேர்ந்துதான் அதைச் செய்தன. அவளுக்குப் பல தலைமுறைகள் பின்னால், யாருக்கும் அடிமையல்லாத நரசாபூர்ப் பெண் அதே போன்ற லேஸைப் பின்னி ஏழையாகவே இருந்தாள். அவளிடமிருந்து மறைக்கப்பட்டது கணக்கு.

அதே மண்ணில்தான் ஒரு ரவிக்கை தைப்பது கலகமாகவும் இருந்தது. மிஷன் பெண்கள் தைக்கச் சொல்லிக்கொடுத்த குப்பாயத்தையும் தோள்சீலையையும் அணிந்து சந்தைக்குப் போன நாடார் பெண்கள் 1820களிலும், பின்னர் 1858, 1859ஆம் ஆண்டுகளிலும் தாக்கப்பட்டார்கள்; அவர்கள் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1859இல் வந்த அரசாணை மேலாடை அணிய அனுமதித்தபோதும், உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. யார், எதை, எப்படித் தைத்துப் போட்டுக்கொள்வது என்பதை அரசாணை தீர்மானித்த ஊரில் ‘தையல் பெண்களின் பொழுதுபோக்கு’ என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

இன்று அப்படிச் சொல்ல முடிகிறது. அதிலும் சாதியும் வர்க்கமும் பார்த்துத்தான் சொல்கிறோம். காரில் வந்து வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டு, கூடத்தில் மாட்டி வைப்பவளின் வேலைக்குக் ‘கலை ஆர்வம்’ என்று பெயர். சாலையோரத்தில் மூங்கில் பிளந்து முறம் பின்னுபவளின் வேலைக்குக் ‘குலத்தொழில்’ என்று பெயர். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் முஸ்லிம் பெண்ணின் விரல்களில் இருக்கும் நுட்பத்துக்குக் ‘கைவினை’ என்று பெயர். ஆனால் அது அருங்காட்சியகத்துக்குப் போகும்போது அவள் பெயர் கூடப் போவதில்லை. தையல் கடையில் துணி வெட்டும் ஆணுக்குக் ‘கட்டிங் மாஸ்டர்’ என்று பட்டம். அதே ரவிக்கையை வீட்டில் வெட்டித் தைப்பவளை, “நாலாவது வீட்டுல ஒரு அக்கா தைப்பாங்க” என்கிறோம். முறம் விற்பவளிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, ‘கையால் செய்ததன் மதிப்பே தனி’ என்று வியப்பவர்களில் நாமும் இருக்கிறோம்.

அரசின் கற்பனையிலும் தையலுக்குத் தனி இடம் உண்டு. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் உள்ளிட்ட பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. அதைப் பெற்று நிமிர்ந்த குடும்பங்கள் ஏராளம். அந்த இயந்திரத்தை நான் இகழ மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஆதரவில்லாத பெண் என்றதும் அரசுக்கும் நம் சினிமாவுக்கும் தையல் இயந்திரம் ஏன் உடனே நினைவுக்கு வருகிறது? அவளை வீட்டை விட்டு வெளியே வரச் சொல்லாத வேலை அது என்பதால்தானே? ஒரே தெருவில் ஐந்து பேருக்கு இயந்திரம் கிடைத்தால் ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் போட்டி. ரவிக்கைக் கூலி என்ன என்று அவர்கள் கூடி முடிவு செய்ய ஒரு திண்ணை வேண்டும். அதை எந்தத் திட்டமும் தருவதில்லை.

எங்கள் பகுதியில் பட்டுச் சேலைக்குக் குஞ்சம் கட்டும் பெண்கள் சிலரோடு பேசியிருக்கிறேன். முந்தானையின் பிசிர் நூலைப் பிரித்து, மணி கோத்து, முடிச்சுப் போடும் வேலை. கடைக்காரரிடமிருந்து சேலைகளை ஒரு அண்ணன் கொண்டுவந்து கொடுப்பார். புது முடிச்சு வந்தால் ஒருத்தி மற்றவளுக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறாள். சேலைக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டேன். ஒவ்வொருத்தியும் தனியாக, குரலைத் தாழ்த்தி, வேறு வேறு தொகை சொன்னாள். “அவகிட்ட சொல்லிடாதீங்க, அண்ணன் எனக்கு மட்டும் கூடத் தர்றார்” என்றவள்தான் எல்லோரையும்விடக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தாள். நரசாபூருக்கு ரயில் ஏற வேண்டிய தேவை இல்லை.

திருப்பூர்ப் பனியன்களின் பிசிர் வெட்டுவதிலிருந்து பொத்தான் தைப்பது வரை வீட்டுக்கு வரும் ‘பீஸ் ரேட்’ வேலைகள் எல்லாவற்றிலும் இந்தத் தாழ்ந்த குரல்தான் முதலீடு. அதை உயர்த்திக் காட்டியவர்களும் உண்டு. 1972இல் அகமதாபாதில் எலா பட் தொடங்கிய சேவா, தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, முதலாளியே இல்லாமல் சங்கம் எப்படி என்று தொழிலாளர் துறை தயங்கியது. ஆலைகளில் கழித்துப்போட்ட துண்டுத் துணிகளை வீட்டில் ஒட்டுப்போட்டு ரஜாய் உறை தைத்த முஸ்லிம் பெண்களைப் பின்னாளில் அந்தச் சங்கம் திரட்டியது. அவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். பிறகு தங்களுக்கென்று ஒரு கூட்டுறவும் அமைத்தார்கள். அழகுப் பக்கங்களில் நாம் ‘பேட்ச் ஒர்க்’ என்று ரசிக்கும் அதே வேலை. வீட்டிலிருந்து உழைப்பவர்களையும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியதில் சேவா பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

சரி, எல்லாவற்றையும் காசாக்கிவிட வேண்டுமா, அன்புக்கு இடமில்லையா என்று ஒரு தோழி கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேரப்பிள்ளைக்காகப் பழைய நூல் சேலைகளை மடித்துத் தைத்த விரிப்புக்குப் பில் போடச் சொல்லவில்லை. ஆனால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள்தான் அதைக் கொடுக்க முடியும். அது 40 மணி நேர வேலை என்று அவளுக்கும் வாங்குகிறவருக்கும் தெரிந்தால் அந்த விரிப்பு பரிசு. தெரியாவிட்டால், பாட்டிக்கு வேறு வேலை இல்லை என்பதோடு முடிந்துவிடும்.

ஆகவே நாம் கற்றுக்கொடுக்கும் முறையில் ஒரு சிறு மாற்றம் வேண்டும். பெண்ணியம் பேசும் கைவேலைப் பட்டறைகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கல்லூரி வகுப்புகளுக்கும் இது பொருந்தும். ‘தேவையான பொருட்கள்’ என்ற பட்டியலில் ‘நேரம்’ என்று ஒரு வரி சேர்ப்போம். மாதிரியை வாங்க வருபவளிடம், இதை எத்தனை நாளில் போட்டேன், விற்றால் என்ன கேட்பேன், கடைக்காரர் என்ன கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். புது முடிச்சைக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தோடு இன்னும் ஒரு நிமிடம் போதும். தெருவில் குஞ்சம் கட்டும் பெண்கள் எல்லோருக்கும் எல்லோருடைய கூலியும் தெரிந்த பிறகு, சேலையைக் கொண்டுவரும் அண்ணனுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைக்கும்.